மாங்கூழ் ஆலைத் தரையில் பாலிமர் கான்கிரீட் எத்தனை சீசன் தாங்கும்?

கேள்வி இதுதான். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. 20 வருடத்துக்கு முன் போட்ட சிமென்ட் கான்கிரீட் தரை, கூழ் சிந்திச் சிந்தி ஜல்லி வெளியே தெரியும் அளவுக்கு அரித்துவிட்டது. டிரம் ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் அதன்மேல்தான் ஓடுகிறது. கான்டிராக்டர் ஒருவர் எபாக்சி பாலிமர் கான்கிரீட் போடச் சொல்கிறார். 20 லட்சம் முறை சுமை ஏற்றி இறக்கியும் உடையவில்லை என்று ஓர் ஆய்வக அறிக்கையையும் காட்டுகிறார். அதை நம்பிப் பணம் போடலாமா, அயர்வு வலிமை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறன், உண்மையில் என்ன சொல்கிறது?

அறிக்கை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் தரை கெடப்போவது அந்த அறிக்கை அளந்த விஷயத்தால் அல்ல. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் கரைவது இந்த இடத்தில்தான்.

முதலில் பொருளைப் பற்றி. பாலிமர் கான்கிரீட்டில் சிமென்டும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. உலர்ந்த ஜல்லி, மணல், கல்மாவு ஆகியவற்றை எபாக்சி, பாலியஸ்டர், வினைல் எஸ்டர் போன்ற ஒரு ரெசின் பிடித்துக்கொள்கிறது. கடலை மிட்டாயில் பாகு செய்கிற வேலைதான். கடலை ஈரமாக இருந்தால் பாகு ஒட்டாது, உச்சி வெயிலில் வைத்தால் இளகும். ரெசினுக்கும் இந்த இரண்டு குணமும் உண்டு, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடைக்கணக்கில் ரெசின் 10 முதல் 15 சதவீதம் வரை போகும். சிமென்ட் கலவையில் லேடெக்ஸ் ஊற்றிச் செய்வது வேறு பொருள். இறுகிய கான்கிரீட்டுக்குள் மோனோமரை, அதாவது இன்னும் இறுகாத பிளாஸ்டிக் திரவத்தை, ஊறவைத்துக் கெட்டியாக்குவது இன்னொன்று. கடையில் மூன்றையும் ஒரே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வலிமையில் இது சிமென்டை எளிதாகத் தாண்டும். சாலைக்குப் போடும் எம்40 கான்கிரீட்டின் வளைவு வலிமை, அதாவது வளைத்து உடைக்கத் தேவையான அழுத்தம், சுமார் 4.5 மெகாபாஸ்கல். நன்றாகச் செய்த பாலிமர் கான்கிரீட்டில் 15 மெகாபாஸ்கல் சாதாரணமாகக் கிடைக்கும். இறுக 28 நாள் காத்திருக்க வேண்டியதில்லை, சில மணி நேரத்தில் மேலே நடக்கலாம், ஒருநாளில் வண்டி விடலாம்.

இப்போது அயர்வு. ஒரு பொருளை உடைக்க வேண்டிய சுமையைவிடக் குறைவான சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினாலும் அது ஒருநாள் உடையும். எத்தனையாவது முறையில் என்பதை முடிவு செய்வது அழுத்த விகிதம். அதாவது ஒவ்வொரு முறையும் வரும் அழுத்தத்தை ஒரே ஏற்றத்தில் உடைக்கும் அழுத்தத்தால் வகுத்தால் வருவது. கான்கிரீட் சாலை வடிவமைப்புக்கான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 58 நெறிமுறையில் சிமென்ட் கான்கிரீட்டுக்கு இந்தக் கணக்கு இருக்கிறது. விகிதம் 0.45-க்குக் கீழே இருந்தால் எத்தனை முறை ஏறினாலும் கவலையில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 0.50 என்றால் ஏழரை லட்சம் முறை. 0.55 என்றால் ஒன்றேகால் லட்சம். 0.65-க்கு 7,700. 0.70-க்கு 1,900 தான். 0.50-லிருந்து 0.70-க்குப் போகும்போது விகிதம் 40 சதவீதம்தான் கூடுகிறது, ஆயுளோ நூறில் ஒன்றுக்கும் கீழே விழுகிறது. அயர்வைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால் இந்தச் சரிவை வையுங்கள். எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு அழுத்தம் என்பதுதான் ஆயுளை ஆட்டி வைக்கிறது.

பாலிமர் கான்கிரீட் இதில் எப்படி? விகிதமாகப் பார்த்தால் சிமென்டைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. தன் சொந்த வலிமையில் பாதிக்குச் சற்று மேல் வரை, 55 அல்லது 60 சதவீதம் என்று வையுங்கள், 20 லட்சம் முறை தாங்கும். லாபம் எங்கே என்றால் அந்தச் 'சொந்த வலிமை' மூன்று மடங்காக இருப்பதில். சக்கரம் ஏறும்போது தரையில் 2 மெகாபாஸ்கல் வளைவு அழுத்தம் வருகிறது என்று வைப்போம். எம்40 தரைக்கு விகிதம் 0.44. அதே தடிமனில் பாலிமர் கான்கிரீட் என்றால் 0.13. அயர்வு என்கிற பேச்சே அங்கு எழாது.

ஆனால் யாரும் அதே தடிமனில் போடுவதில்லை. விலை விடாது. ஒரு கன மீட்டருக்கு 12 சதவீதக் கணக்கில் ஏறக்குறைய 270 கிலோ ரெசின் வேண்டும். கிலோ 150 ரூபாய் என்று குறைவாக வைத்துக் கணக்குப் போட்டாலே ரெசினுக்கு மட்டும் 40,000 ரூபாய். எபாக்சி என்றால் இன்னும் மேலே. அதனால் 'வலிமை மூன்று மடங்கு, தடிமனைப் பாதியாக்குவோம்' என்று யாராவது சொல்வார்கள். தடிமன் பாதியானால் வளைவு அழுத்தம் தோராயமாக நான்கு மடங்காகும். 2 மெகாபாஸ்கல் 8 ஆகிவிடும். 8-ஐ 15-ஆல் வகுத்தால் 0.53. மூன்று மடங்கு வலிமைக்குக் கொடுத்த பணம் முழுவதும் அங்கே போய்விட்டது, பழைய எம்40 தரையைவிடவும் மோசமான இடத்தில் நிற்கிறீர்கள்.

இன்னொரு வழி, இருக்கும் தரைமேல் 10, 15 மில்லிமீட்டருக்கு ஒரு மேல்படலமாகப் போடுவது. உங்கள் கான்டிராக்டர் சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அப்போது வளைவைத் தாங்குவது அடியில் இருக்கும் பழைய கான்கிரீட்தான். மேல்படலத்தின் அயர்வு வலிமையை ஆய்வகத்தில் எவ்வளவு அளந்தாலும் அடித்தளம் விரிசல் விட்டால் அந்த விரிசல் அப்படியே மேலே வரும்.

சரி, உங்கள் ஆலைக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 150 நடை, போக வர 300 முறை, சீசன் 75 நாள் என்று வைத்தால் 22,500. 20 வருடத்துக்கு நாலரை லட்சம். அறிக்கையில் சொன்ன 20 லட்சத்தை எட்ட உங்களுக்கு கிட்டத்தட்ட 90 சீசன் வேண்டும். இதே 20 லட்சம் நெடுஞ்சாலைப் பாலத்தில் எவ்வளவு காலம்? தேசிய நெடுஞ்சாலை 44-ல், தொப்பூர் பக்கம் ஒரு பாலத்தின் விரிவு இணைப்பை, அதாவது வெயிலில் பாலம் விரிய விடும் இடைவெளியை, எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 5,000 லாரி, லாரிக்கு நான்கு அச்சு என்று வைத்தால் ஒரு நாளில் 20,000 அடி. நூறே நாளில் 20 லட்சம். அந்த இணைப்பின் ஓரத்தில் பாலிமர் கான்கிரீட் போடுகிறவர் அயர்வு வலிமையைப் பற்றி இரவு பகலாக யோசிக்க வேண்டும். அங்கேகூட இந்தப் பொருள் தன்னை நிரூபித்திருக்கிறது. கலிபோர்னியாவில் 1980-களிலிருந்து பாலத் தளங்களுக்கு பாலியஸ்டர் கான்கிரீட் மேல்படலம் போட்டு வருகிறார்கள். இரவில் போட்டு காலையில் போக்குவரத்தை விட முடிவது அதற்கு ஒரு பெரிய காரணம். மாங்கூழ் ஆலைக்கு அந்தக் கவலை தேவையில்லை. சக்கரம் உங்களைக் கொல்லாது.

ஒரே விதிவிலக்கு ஜாயின்ட் ஓரங்கள். கைவண்டி பேலட் டிரக்கின் சின்னக் கெட்டிச் சக்கரம் ஜாயின்ட்டில் இறங்கி ஏறும்போது, சக்கரம் தொடும் சின்ன இடத்தில் அழுத்தம் மிகவும் அதிகம். ஃபோர்க்லிஃப்ட்டின் பெரிய டயரைவிட இதுதான் ஓரத்தைப் பெயர்க்கும். ஓட்டப்பாதையில் ஜாயின்ட்டைக் குறைத்து, இருப்பதை கெட்டி ரெசினால் தரைமட்டத்துக்கு நிரப்பிவிட்டால் போதும். அடியில் அசையும் ஜாயின்ட்டாக இருந்தால் அதே கோட்டில் மேல்படலத்தையும் வெட்டிவிட வேண்டும்.

உங்கள் தரையைக் கெடுக்கப்போவது சுடுநீர். ஷிஃப்ட் முடிந்ததும் காஸ்டிக் சோடா கலந்த சூடான நீரால் குழாய், தொட்டி எல்லாம் கழுவுகிறீர்கள். அது 70, 80 டிகிரியில் தரைக்கு வருகிறது. சிமென்ட் கான்கிரீட் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 10 மைக்ரான் விரியும். எபாக்சி கலவை 20 முதல் 30 மைக்ரான் வரை விரியும். தரை 30 டிகிரியில் இருக்கும்போது 80 டிகிரி நீர் விழுந்தால் மேல்படலம் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் விரியப் பார்க்கிறது. அடியில் இருக்கும் கான்கிரீட்டுக்கு அந்தச் சூடு உடனே எட்டுவதில்லை, அது அசையாமல் இழுத்துப் பிடிக்கிறது. பிறகு குளிர்ந்த நீர் ஊற்றுகிறீர்கள், எதிர்ப்பக்க இழுப்பு. இத்தனையும் வந்து சேருவது இரண்டுக்கும் இடையே உள்ள ஒட்டில், அதிலும் ஓரங்களில், கால்வாய் விளிம்பில், தூண் அடியில்.

இதுவும் அயர்வுதான், எண்ணிக்கை மட்டும் குறைவு. மூன்று ஷிஃப்ட், 75 நாள், சீசனுக்கு 225 முறை. 20 வருடத்தில் 4,500. நாலரை லட்சம் சக்கரத்துக்கு முன் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் மேலே சொன்ன சரிவை நினையுங்கள். ஒட்டில் வரும் அழுத்த விகிதம் 0.70-ஐத் தொட்டால், சிமென்ட் கணக்கின்படி ஆயுள் 1,900 முறை. எட்டு அல்லது ஒன்பது சீசன். அந்தச் சூத்திரம் ஒட்டுக்காக எழுதப்பட்டதல்ல, அதனால் இதை ஓர் அளவு தெரிவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்த, அழுத்தம் மிகுந்த சுழற்சியைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

அதோடு முடிவதில்லை. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியைத் தொடும்போதே இளக ஆரம்பிக்கிறது. 60 டிகிரியில் வலிமை பாதியாவது அபூர்வம் இல்லை. பாதித் தடிமன் கணக்கில் 0.53 என்று வந்ததே, அந்த நேரத்தில் அது 1.06. ஒன்றைத் தாண்டினால் லட்சமும் இல்லை ஆயிரமும் இல்லை, ஏறிய முதல் வண்டியிலேயே உடையும். ஆய்வக அறிக்கையோ பெரும்பாலும் 25, 27 டிகிரி அறையில் எடுத்தது. நொடிக்குப் பல முறை வேகத்தில் சுமையை ஏற்றி இறக்கிச் சில நாளில் முடித்துவிடுவார்கள். ரெசின் ஒரே சுமையில் நாள்கணக்காக நின்றால் மெல்ல மெல்ல இழுபடும் குணம் உள்ளது, சிமென்டைவிட அதிகமாகவே. ஈரம் பல மாதம் ஊறி ரெசினுக்கும் கல்லுக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்தும். இந்த இரண்டும் நான்கு நாள் சோதனையில் தெரியாது. அறிக்கையை வாங்கினால் எத்தனை முறை என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வெப்பநிலை, உலர்ந்த மாதிரியா ஊறிய மாதிரியா, அழுத்தம் வலிமையில் எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் கேளுங்கள்.

அமிலத்துக்கு வருவோம். மாங்கூழின் பி.ஹெச். 3.5-க்கும் 4.5-க்கும் நடுவே நிற்கும். சிட்ரிக், மாலிக் அமிலங்கள் சிமென்டின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும், ஜல்லி மட்டும் மிஞ்சும். உங்கள் தரையில் இன்று தெரிவது அதுதான். ரெசின்களுக்கு இந்த அளவு அமிலம் பெரிய விஷயமில்லை. அவற்றைச் சோதிப்பது காஸ்டிக். சாதாரண பாலியஸ்டரின் எஸ்டர் பிணைப்பைச் சூடான காரம் அறுத்துவிடும், அதனால் மலிவு என்பதற்காகக் கழுவும் இடத்தில் அதைப் போடவே கூடாது. வினைல் எஸ்டர் நன்றாகத் தாங்கும். எபாக்சியும் காரத்தைத் தாங்கும், சூட்டில்தான் தடுமாறும்.

கல் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்டால் ரெசின் நல்லதாக இருந்தும் அமிலம் கல்லைத் தின்னும். கிருஷ்ணகிரி கிரானைட் ஜல்லிக்கு அந்தக் கவலையில்லை. கிரஷரில் கிடைக்கும் கல்மாவையும் நிரப்பியாகப் பயன்படுத்தலாம், ரெசின் அளவு குறையும். கிரானைட் அறுக்கும் பட்டறைக் கழிவுச் சேற்றையும் சிலர் உலர்த்திப் போடுகிறார்கள். வைர விளிம்பு வாளால் அறுத்த கழிவு என்றால் சரி. பழைய கேங்-சா இயந்திரத்துக் கழிவில் இரும்புத் துகளும் சுண்ணாம்பும் கலந்திருக்கும், அது வேண்டாம். எதைப் போட்டாலும் ஈரம் அரை சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குவியலாக வெளியே கிடந்த ஜல்லியை ஒருநாள் வெயிலில் பரப்பினால் அந்த நிலை வராது. சூடாக்கி உலர்த்தி, மூட்டையில் கட்டி, கலக்கும்வரை மூடியே வைக்க வேண்டும். நான் பார்த்த வரையில் நம் பக்கம் பாலிமர் கான்கிரீட் கெட்டுப்போவதற்கு இந்த ஒரு விஷயத்தைவிடப் பெரிய காரணம் இல்லை. கல்லைச் சுற்றி ஒட்டாத இடமும் காற்றுக்குமிழியும்தான் அயர்வு விரிசல் பிறக்கும் இடங்கள்.

ஆகவே ஆலை முழுக்க ஒரே பொருள் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். லாரி வந்து பழம் இறக்கும் வெளி முற்றத்துக்கு எம்40 சிமென்ட் கான்கிரீட்டே போதும். வெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறும் இடத்தில் ரெசினுக்கு வேலையில்லை. டிரம் நிரப்பும் அறை, கிடங்கு, அதாவது சூடு படாமல் கூழ் மட்டும் சிந்தும் இடத்தில் எபாக்சி மேல்படலம் வைக்கலாம். சுடுநீரும் காஸ்டிக்கும் விழும் சமையல் பகுதிக்கு பாலியூரிதேன் சிமென்ட், அதாவது பாலியூரிதேன் ரெசினும் சிமென்டும் சேர்ந்த கலவை, தரை போடுங்கள். அதன் விரிவு கான்கிரீட்டுக்கு நெருக்கமாக இருப்பதால் மேலே சொன்ன இழுபறி மிகவும் குறையும். 9 மில்லிமீட்டர் தடிமனில் கொதிநீர் சிந்தினாலும் நிற்கும்படி செய்யப்படுபவை கிடைக்கின்றன. அசல் பாலிமர் கான்கிரீட், வினைல் எஸ்டரில் செய்தது, கழிவுநீர்க் கால்வாய்க்கும் அமிலக் குழிக்கும் பொருத்தம். அங்கே அதை அச்சில் வார்த்த துண்டுகளாகவே கொண்டுவந்து பதிக்கலாம். அடித்தளத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் வெப்ப இழுப்பும் பெரிதாக இருக்காது. அதிகப் பணத்தை அங்கே போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பழைய தரையைத் தயார் செய்வதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அரித்த மேற்பகுதி முழுவதையும் சிப்பிங் செய்தோ ஷாட் பிளாஸ்ட் (சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடிப்பது) செய்தோ எடுத்து, கெட்டிக் கான்கிரீட் வரும்வரை போக வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்பவரை அனுப்பிவிடுங்கள். இருபது வருடச் சர்க்கரை உள்ளே ஊறியிருக்கும். சர்க்கரை சிமென்டை இறுக விடாது, பாலியூரிதேன் சிமென்டுக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் அது கெடுதல். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விட்டு, காலையில் அடியில் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்த்திருந்தால் எபாக்சி அங்கே கொப்புளம் விடும். போட்டபின் இழுத்துப் பார்க்கும் சோதனையில் ஒட்டு 1.5 மெகாபாஸ்கலாவது தாங்க வேண்டும், பிய்ந்து வரும்போது அடிக்கான்கிரீட்டோடு வர வேண்டும். ஒட்டுக் கோட்டிலேயே சுத்தமாகப் பிரிந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் ரெசின் கைக்குள்ளேயே இறுகிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் பாதியாகும் என்பது தோராயக் கணக்கு. வினைல் எஸ்டர், பாலியஸ்டர் இரண்டிலும் ஸ்டைரீன் என்ற கடும் நெடியுள்ள திரவம் இருக்கிறது. அந்த வாடை கூழில் ஏறினால் சரக்கு போயிற்று, அதனால் இருப்பு டிரம்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, வேலை முடிந்த பிறகும் சில வாரம் காற்றோட்டமாக விடுங்கள். அப்புறம் ஒரு விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. இந்த ரெசின்களை இறுகவைக்கும் பெராக்சைடையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கியபின்தான் மற்றதை ஊற்ற வேண்டும், இரண்டு கேனையும் ஒரே இடத்தில் வைக்கவே கூடாது. கலக்கும் ஆட்களுக்கு நீங்களே நின்று இதைச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் போடுவதற்கு முன் கான்டிராக்டரிடம் பன்னிரண்டு சின்னப் பட்டைகள் வார்த்துத் தரச் சொல்லுங்கள், அவர் தரையில் போடப்போகும் அதே கலவையில். மூன்றை அப்படியே வையுங்கள். மூன்றை உங்கள் கூழிலும், மூன்றை உங்கள் காஸ்டிக் கரைசலிலும், கழுவும் சூட்டிலேயே, ஒரு மாதம் ஊறவையுங்கள். கடைசி மூன்றைத் தினமும் சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாறி மாறிப் போடச் சொல்லுங்கள். பிறகு ஏதாவது பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் பன்னிரண்டையும் வளைத்து உடைத்துப் பாருங்கள். அறை வெப்பத்தில் மட்டும் உடைத்தால் போதாது, ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றை 60 டிகிரியில் உடைக்கச் சொல்லுங்கள். அந்த எண்கள் கைக்கு வந்தபின் 20 லட்சம் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.